மூன்று வாய் மேகராசா

சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குச் சொல்லிவைத்தாற்போல மின்விசிறி நின்றது.

தேனி பங்களாமேட்டில், மருந்துக்கடை மாடியில் இருந்த அந்த ஒற்றை அறையில் மாரீஸ்வரி தலை நிமிரவில்லை. மேஜையில் கிடந்த காகிதக் கட்டைக் காலையிலிருந்து இரண்டு தடவை படித்துவிட்டாள். மூன்றாவது தடவை ஓடிக்கொண்டிருந்தது.

வயது நாற்பத்து நான்கு. பதினேழு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் போட்டுக் கொடுத்தவள். ஆளைப் பார்க்காமலே, பேசுவது எந்த ஊர்க்காரர், சொல்வது பொய்யா மெய்யா என்று சொல்லிவிடுவாள். அந்தக் காதை நம்பித்தான் வேலையை விட்டுவிட்டுத் துப்பறியும் நிலையம் திறந்தாள்.

"அக்கா, இன்னும் அஞ்சு மணி நேரம்தான் இருக்கு," என்றான் ஒச்சாண்டி. அவளுடைய உதவியாள். தேனி - கம்பம் தனியார் பஸ்ஸில் ஆறு வருஷம் கண்டக்டராக இருந்து, வாயால் வேலையை இழந்தவன். "பிடிக்க வேண்டிய ஆளு பேரு மேகராசா. ஊரு தெரியாது, மூஞ்சி தெரியாது, அது நெசப் பேரும் கெடயாது. டிக்கெட் எடுக்காம எறங்குனவனக்கூட எனக்கு மூஞ்சியாவது தெரியும்."

"வாய மூடிட்டு அந்த சன்னலத் தொற."

கேஸைக் கொண்டுவந்தவள் தேவயானி. பழனிசெட்டிபட்டிக்காரி, இருபத்தேழு வயது. பெங்களூரில் மூன்று வருஷம் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்துவிட்டு ஊர் திரும்பி, ஐந்து நண்பர்களோடு சேர்ந்து ஒரு ஆன்லைன் விளையாட்டைச் செய்திருந்தாள். பெயர் 'கணவாய்'. ஆயிரக்கணக்கான பேர் அவரவர் ஊர் பிரவுசிங் சென்டரில் இருந்துகொண்டே ஒன்றாக விளையாடலாம். அடிவாரச் சந்தையில் ஆரம்பித்து, மூட்டையைத் தூக்கிக்கொண்டு, வழியில் மறிப்பவர்களோடு சண்டை போட்டு, பாலத்தைத் தாண்டி மலையேற வேண்டும்.

"கணவாய்னா மீனுல்ல?" என்று ஒச்சாண்டி அன்றைக்கே கேட்டு முறைப்பு வாங்கியிருந்தான்.

அவளுக்கு எதிரே நின்றது 'வல்கன் ஃபோர்ட்' என்ற வெளிநாட்டு விளையாட்டு. பத்து வருஷப் பழசு. தேனியிலிருந்து கூடலூர் வரை எந்த பிரவுசிங் சென்டருக்குள் நுழைந்தாலும் அதுதான் ஓடும். சுருக்கமாகக் 'கோட்டை' என்பார்கள். அதற்கு இந்த மாவட்டத்தில் போட்டிகள் நடத்துபவர் வைகுண்டராஜ். அவருக்கே ஏழு பிரவுசிங் சென்டர்கள் இருந்தன.

2008 ஆகஸ்டில் தொடங்கிய கணவாய்க்கு இரண்டே மாதத்தில் மூவாயிரம் பேர் சேர்ந்துவிட்டார்கள். பிறகு நவம்பரில், மூன்றே வாரத்தில், அது எண்ணூறாகச் சரிந்தது. புதிதாக வருகிறவர்கள் தங்கவே இல்லை; கூட்டம் குறையக் குறையப் பழையவர்களும் கழன்றுகொண்டார்கள்.

"காரணம் மேகராசா," என்று தேவயானி சொல்லியிருந்தாள். "அவன யாராலயும் ஜெயிக்க முடியல மேடம். தூங்கவே மாட்டேங்குறான். இருபத்திநாலு மணி நேரமும் உள்ளதான் நிக்கிறான். அடிச்சுக் கொள்ளையடிக்கிறான்னு அறுபத்திரண்டு பேரு மனு அனுப்பியிருக்காக. சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு அவன நீக்குறேன்னு எல்லாருக்கும் அறிவிச்சுட்டேன். ஆனா பேரத் தூக்குனா வேற பேருல வருவான். அவன் யாரு, யாரு அனுப்புனாக... அது எனக்குத் தெரியணும்."

அதே சனிக்கிழமை ஐந்து மணிக்கு வைகுண்டராஜும் வருவதாக இருந்தார், கணவாயை மொத்தமாக விலைக்குக் கேட்டு. வாங்கினால் மறுநாளே பூட்டிவிடுவார் என்று தேவயானிக்குத் தெரியும். ஆட்கள் இப்படியே கரைந்துகொண்டிருந்தால் விற்பதைத் தவிர வேறு வழியில்லை என்றும் தெரியும்.

மேகராசா எந்த கம்ப்யூட்டரில் இருந்து விளையாடுகிறான் என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. இணைப்பு எண் தினமும் மாறியது. தேனி மாவட்டத்துக்குள் என்பதோடு சரி. அவன் உள்ளே வந்த நேரம், போன நேரம், விளையாட்டுக்குள் அடித்த அரட்டை, அறுபத்திரண்டு மனுக்கள். இவ்வளவுதான் அந்தக் காகிதக் கட்டு.

"ஒச்சாண்டி, கரண்டு எப்ப வரும்?"

"ரெண்டு மணிக்கு. இந்த வாரம் தேனிக்குப் பன்னெண்டு டு ரெண்டு. போன வாரம் காலைல எட்டு டு பத்து. எனக்கு இதெல்லாம் பஸ் டைம் மாதிரி."

மாரீஸ்வரியின் விரல் ஒரு வரியில் நின்றது.

"மேகராசா தூங்க மாட்டான்னு சொல்றாகல்ல? பொய். தினமும் ரெண்டு தடவை காணாமப் போறான். ஒவ்வொரு தடவையும் மூணே நிமிஷம். இந்த வாரம் பத்து மணிக்கு ஒண்ணு, பன்னெண்டு மணிக்கு ஒண்ணு. போன வாரம் ரெண்டு மணிக்கும் நாலு மணிக்கும். அதுக்கு முந்தின வாரம் ஆறுக்கும் எட்டுக்கும்."

ஒச்சாண்டி எழுந்தான். "சரியா ரெண்டு மணி நேர இடைவெளி. அக்கா! கரண்டு போறப்ப ஒண்ணு, வர்றப்ப ஒண்ணு."

"மூணு நிமிஷத்துல எப்படித் திரும்பி வர்றான்?"

"ஜெனரேட்டர் வச்சிருக்கான். அது கெளம்ப ஒரு நிமிஷம், கம்ப்யூட்டர் முழிக்க ரெண்டு நிமிஷம்."

"இந்த வாரம் பத்து டு பன்னெண்டு எந்த ஊருக்கு?"

ஒச்சாண்டி கண்ணை மூடிக்கொண்டான். பஸ் ஸ்டாப்புகளை வரிசையாக உச்சரிப்பதுபோல உதடு அசைந்தது. "வீரபாண்டி எட்டு டு பத்து... சின்னமனூர் ரெண்டு டு நாலு... உத்தமபாளையம் சுத்துவட்டாரம் பத்து டு பன்னெண்டு. போன வாரம் ரெண்டு டு நாலு. ஆமாக்கா, பொருந்துது!"

"இன்னொண்ணு கேளு. மணிக்கு ஒருதரம், கரெக்டா மணியடிக்கிற நேரத்துல, ரெண்டு நிமிஷம் அசையாம நிக்கிறான். ஒருக்கா அரட்டையில, 'பதிமூணரை ஆயிருச்சு, இரு, வந்துர்றேன்'னு எழுதியிருக்கான்."

"ஆஸ்பத்திரி நர்சா இருக்கும். மணிக்கு ஒருக்கா காய்ச்சல் பாக்குறாக."

"பதிமூணரை டிகிரியா?"

ஒச்சாண்டி யோசித்தான். "நூத்தி மூணுன்னா காய்ச்சல். பதிமூணுன்னா பொணம்."

"பொணம் இல்லடா. காய். வாழைக்காய் பழுக்காம வைக்கிற குளிர்க் கிடங்குல எவ்வளவு வைப்பாக?"

"பதிமூணு, பதிமூணரை!" ஒச்சாண்டி நெற்றியில் அடித்துக்கொண்டான். "அனுமந்தன்பட்டி தாண்டுனதும் ஒண்ணு இருக்குக்கா. மணிக்கு ஒருக்கா டிகிரி குறிச்சு, கம்ப்யூட்டர்ல ஏவாரிக்கு அனுப்பணும். ஜெனரேட்டர் கட்டாயம் இருக்கும். ஆனா ஒருத்தன் எப்படி இருபத்திநாலு மணி நேரமும்..."

"ஒருத்தன்னு யாரு சொன்னா?"

மாரீஸ்வரி மூன்று தாள்களை அவன் முன்னால் பரப்பினாள். எல்லாம் மேகராசா அடித்த அரட்டை. "சத்தமா வாசி."

ஒச்சாண்டி வாசித்தான். காலை எட்டு மணிக்கு எழுதியது: 'நேத்து நாலு பேரு சந்தைக்கு வந்தாக. பாலம் வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். நல்லபடியாப் போய்ச் சேந்துட்டாக.' சாயங்காலம் நாலு மணி: 'ஏலே, புதுசா வந்தவன் முதுகுலயா குத்துற? திரும்பு. ஒத்தைக்கு ஒத்தை வா.' ராத்திரியில் எழுதியது: 'பேடிக்காத கேட்டோ. ஞான் பின்னாடியே உண்டு.'

"காலைல மரியாதை, சாயங்காலம் சண்டை, ராத்திரி மலையாளத்துல 'பயப்படாத, பின்னாலயே இருக்கேன்'," என்றாள் மாரீஸ்வரி. "காலைல ஆறு, மதியம் ரெண்டு, ராத்திரி பத்து. அந்த மூணு நேரத்துலயும் பேச்சு மாறுது. ஷிப்டு. ஒரு மேகராசா, மூணு வாயி."

"அப்ப வைகுண்டராஜ் மூணு பேர ஷிப்டு போட்டு ஏவி விட்டிருக்காரு!"

மாரீஸ்வரி தாள்களைத் திரும்பவும் பார்த்தாள். "கொள்ளைக்காரன் பேசுற பேச்சா இது? அதுதான் எனக்கு இடிக்குது. வண்டிய எடு. ரெண்டு மணிக்கு ஷிப்டு மாறும். அப்ப அங்கன இருக்கணும்."

அவளுடைய பழைய மாருதி வேன் வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம் என்று ஓடி அனுமந்தன்பட்டியைத் தாண்டியபோது மணி இரண்டாக எட்டு நிமிஷம் இருந்தது. வழியெல்லாம் மழைத்தூறல். வயலுக்கு நடுவே தகரக் கூரை போட்ட நீளமான கட்டடம். வாசலில் வாழைத்தார் ஏற்றிய லாரி ஒன்று.

"ஜெனரேட்டர் சர்வீஸ்," என்று லாரிக்காரனிடம் சொல்லிக்கொண்டே உள்ளே போனான் ஒச்சாண்டி. "டீசலக் குடிக்குதா, கொப்பளிக்குதான்னு பாக்க வந்தோம்."

குளிர்ந்த அறைகளைத் தாண்டிக் கடைசியில் ஒரு சின்ன ஆபீஸ் ரூம். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே மூன்று பேர் ஒரு கம்ப்யூட்டரைச் சுற்றி நின்றிருந்தார்கள். நாற்காலியில் இருந்தவள் நாற்பதை ஒட்டிய பெண். பருத்திச் சேலைக்கு மேலே ஆண்கள் ஸ்வெட்டர். திரையில் கையில் கம்போடு ஒரு உருவம். அதன் தலைக்கு மேலே பெயர்: மேகராசா.

"எந்திரி கருத்தம்மாக்கா, என் ஷிப்டு," என்றான் பக்கத்தில் நின்ற முறுக்கு மீசைக்காரன்.

"இரு முத்துக்கருப்பா. அஞ்சு மணிக்குக் கொல்லப்போறாக. அதுக்குள்ள இன்னும் ரெண்டு பேரப் பாலம் தாண்ட விட்டுர்றேன்."

"எத்தன பேர விட்டாலும் அஞ்சு மணி வரும் சேச்சி," என்றான் மூன்றாமவன். இளைஞன், முகத்தில் ராத்திரி ஷிப்டுத் தூக்கக் கலக்கம்.

"மூணு வாயும் இங்கனதான் இருக்கு," என்று ஒச்சாண்டி முணுமுணுத்தான்.

மாரீஸ்வரி கதவைத் தள்ளித் திறந்தாள். "நான் மாரீஸ்வரி. தேனியில துப்பறியும் நிலையம். கணவாய் கம்பெனி அனுப்பி வந்திருக்கேன். நேராக் கேக்குறேன். உங்களுக்குச் சம்பளம் குடுத்து அந்த விளையாட்டக் கெடுக்கச் சொன்னது யாரு?"

முத்துக்கருப்பன் பின்வாங்கிச் சுவரில் ஒட்டிக்கொண்டான். இளைஞன் கதவைப் பார்த்தான். கருத்தம்மாள் மட்டும் நாற்காலியைத் திருப்பி, உட்கார்ந்தபடியே மாரீஸ்வரியை ஏறிட்டுப் பார்த்தாள்.

"கூலிக்கு நாங்க காய் பாக்குறோம் தாயி. சண்டைக்கு எவன்கிட்டயும் கூலி வாங்கல."

"அப்ப எதுக்கு அடிச்சீக?"

"எதுக்கா?" கருத்தம்மாள் எழுந்தாள். "நாங்க மூணு பேரும் மொதல்ல கோட்டைதான் விளையாடுனோம். ராத்திரி ஷிப்டுல தூங்காம இருக்குறதுக்காக இந்தச் சசிதரன் ஆரம்பிச்சது. அப்பறம் நாங்களும். மூணு வருசம். கோட்டையில புதுசா வர்றவன் ஒரு பெரிய வாசல் கேட்டுக்கு முன்னால பொறப்பான். அந்தக் கேட்டுலயே பழைய ஆளுக நிப்பாக. ஏழு வருசம், எட்டு வருசம் விளையாடி, கவசம், குதிரை, கத்தின்னு சேத்து வச்சவுக. நாம பொறந்த ஒடனே வெட்டுவாக. திரும்பப் பொறந்தா திரும்ப வெட்டு. மூணு வருசத்துல கேட்டுக்கு உள்ள என்ன இருக்குன்னு நாங்க பாத்ததே இல்ல தாயி."

"விட்டுட்டு வந்திருக்கலாம்ல?" என்றான் ஒச்சாண்டி.

"நீ வந்திருப்ப. எனக்கு வீம்பு." அவள் திரையைக் காட்டினாள். "பெறகு கணவாய் வந்துச்சு. நம்மூருக்காரவுக செஞ்சது. எல்லாருக்கும் ஒரே நாள்ல ஆரம்பம், எல்லார் கையிலயும் ஒரே கம்பு. முன்னால வந்தவன் பின்னால வந்தவன்னு இல்ல. மொத நாளு பாலத்தத் தாண்டி மலைய ஏறிப் பாத்தேன். அழுதுட்டேன்னா நம்புவியா? வெறும் கம்ப்யூட்டர் படந்தான். ஆனாலும் மூணு வருசத்துல மொத தடவையா என்னைய ஒருத்தன் உள்ள விட்டான்."

முத்துக்கருப்பன் சுவரை விட்டு நகர்ந்து வந்தான்.

"மூணு வாரத்துக்கு முன்னாடி," என்றான் முத்துக்கருப்பன், இப்போது தைரியம் வந்து, "அந்தக் கோட்டைக்காரனுகளே கூட்டமா இங்கயும் வந்துட்டானுக. பழக்கப்பட்ட கையி, நாலே நாள்ல பெரிய ஆளாயிட்டானுக. மலை ஏற மாட்டேங்குறானுக. சந்தையிலயே நின்னு புதுசா வர்ற எல்லாத்தையும் வெட்டுறானுக. அதான் நாங்க மூணு பேரும் ஒரே பேருல, ஷிப்டு போட்டுக் காவல் நிக்கிறோம். தனித்தனியா விளையாண்டா எங்களுக்கு எட்டு எட்டு மணி நேரந்தான். ஒரே ஆளா இருந்தா நாள் பூராவும் வளரலாம்."

மாரீஸ்வரி கையில் இருந்த மனுக்கட்டைப் பிரித்தாள். விறுவிறுவென்று புரட்டினாள். திடீரென்று நின்றாள்.

"கருத்தம்மா, கணவாயில கேட்டு எங்கன இருக்கு?"

"கணவாயில ஏது கேட்டு? சந்தைதான். நொழஞ்ச ஒடனே பெரிய எழுத்துல 'அடிவாரச் சந்தை'ன்னு போட்டிருக்குமே."

"இதக் கேளு. 'நான் புது ஆள். கேட்டில் நின்றுகொண்டிருந்தேன், மேகராசா அடித்துவிட்டான்.' அடுத்தது. 'விளையாட்டுக்கே நான் புதுசு. கேட் பக்கத்தில் என்னைக் கொன்றான்.' அறுபத்திரண்டுல பாதிக்கு மேல கேட்டு, கேட்டு, கேட்டு. புது ஆளுக்கு இல்லாத கேட்டு எப்படித் தெரியும்?"

ஒச்சாண்டி மெல்ல விசிலடித்தான். "பழைய பஸ்ஸு ஸ்டாப்ப புது பஸ்ஸுல கேட்டுருக்கான்."

"மனு போட்டது பூராம் கோட்டைக்காரனுக. மேகராசா அடிச்சது அவனுகளத்தான். அடி வாங்கிட்டு, தேவயானி கையாலேயே காவக்காரன வெளிய தள்ளப் பாத்திருக்கானுக." மாரீஸ்வரி செல்போனை எடுத்தாள்.

மறுமுனையில் தேவயானி. "மேடம், ஆளு கெடச்சானா?"

"கெடச்சாக. மொதல்ல ஒண்ணு பாத்துச் சொல்லு. இந்த மூணு வாரத்துல புதுசா வந்தவுகள்ல, வந்து பத்து நிமிஷத்துக்குள்ள செத்தது எத்தன பேரு? கொன்னது யாரு?"

"அப்படிப் பாத்ததே இல்ல மேடம். மனு வந்தது மேகராசா மேலதானே..."

"பத்து நிமிஷத்துல செத்தவன் மனு எழுதிக்கிட்டா இருப்பான்? எந்திரிச்சு அடுத்த சீட்டுல கோட்டை விளையாடப் போயிருப்பான். பாரு."

விசைப்பலகை தட்டும் சத்தம். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். பிறகு தேவயானியின் குரல் வேறாக வந்தது.

"ஆயிரத்து எண்ணூத்தி நாப்பது பேரு வந்திருக்காக. பத்து நிமிஷத்துக்குள்ள செத்தது ஆயிரத்து முந்நூத்தி பன்னெண்டு. கொன்னவுக பேரு... மேடம், மனு போட்ட அதே அறுபத்திரண்டு பேரு. அதுல மேகராசா பேரு ஒரு எடத்துலகூட இல்ல." மூச்சை இழுத்துவிட்டாள். "மூணு வாரமா என் கண்ணு முன்னால நடந்திருக்கு. நான் அழுதவன் பேச்ச மட்டுந்தான் கேட்டிருக்கேன்."

"இப்ப கேட்டுட்டல்ல. இன்னும் ரெண்டரை மணி நேரம் இருக்கு. என்ன செய்யப் போறேன்னு யோசி."

கருத்தம்மாள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "நானும் வாரேன் தாயி. என் ஷிப்டு முடிஞ்சிருச்சு."

"நம்ம முதலாளிக்குத் தெரிஞ்சா?" என்றான் முத்துக்கருப்பன்.

"மணிக்கு ஒருக்கா டிகிரி குறிக்கத் தவறுனமா? ஒரு தாரு கெட்டுச்சா? கேக்கட்டும், நான் சொல்லிக்கிறேன்."

வழியில் மழை வலுத்து வேன் ஊர்ந்தது; பழனிசெட்டிபட்டியில் உரக்கடைக்கு மேலே இருந்த கணவாய் ஆபீசுக்குள் அவர்கள் நுழைந்தபோது மணி நாலு ஐம்பது. வைகுண்டராஜ் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது, இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, நிதானமான சிரிப்பு. மடியில் ஒரு ஃபைல். தேவயானியும் அவளுடைய ஐந்து நண்பர்களும் அவரைப் பார்க்காமல் வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

"வாங்க, வாங்க. கொள்ளைக்காரனப் பிடிச்சுட்டீகளா?" என்றார்.

"பிடிச்சாச்சு," என்றாள் மாரீஸ்வரி. "அறுபத்திரண்டு பேரு. கேட்டுல நின்னு எழுதியிருக்காக. எந்தக் கேட்டுன்னு உங்களுக்குத் தெரியும்."

அவருடைய சிரிப்பு ஒரு கணம் நின்றது. பிறகு பழையபடி வந்து உட்கார்ந்துகொண்டது.

"சரி. என் சென்டர்ல வர்ற பசங்கதான். நாந்தான் விளையாடச் சொன்னேன். விளையாட்டுல ஒருத்தன ஒருத்தன் அடிக்கிறது என்ன சட்டத்துல குத்தம் மேடம்? போலீசுக்குப் போறீகளா? என்னன்னு எழுதுவாக? கம்பால அடிச்சான், கம்ப்யூட்டருக்குள்ளன்னா?"

மாரீஸ்வரி மனுக்கட்டை மடக்கினாள். அவர் சொல்வது சரிதான்.

வைகுண்டராஜ் தேவயானி பக்கம் திரும்பினார். "தங்கச்சி, நான் எதிரி இல்ல. கோட்டை பத்து வருஷமா நிக்குது. ஒவ்வொருத்தனும் அதுல அஞ்சு வருஷம், ஆறு வருஷம் போட்டுருக்கான். அந்தக் குதிரைய, கவசத்த விட்டுட்டு உன் சந்தைக்கு வந்து கம்பத் தூக்குவானா? உன்னய மாதிரி ரெண்டு கம்பெனி மதுரையில முளைச்சு, ஒரு வருஷத்துல காணாமப் போச்சு. நல்லாச் செஞ்சிருக்க. குடுத்துட்டு வேற வேல பாரு."

"அந்தக் குதிர இல்லாதவுக எத்தன பேருன்னு உங்களுக்குத் தெரியுமாண்ணே?" என்றாள் தேவயானி, கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல். "கேட்டுலயே செத்து செத்து, விட்டுட்டுப் போனவுக? நீங்க அவுகளக் கணக்குலயே எடுக்கல. நானும் நேத்து வரைக்கும் எடுக்கல."

கருத்தம்மாள் முன்னால் வந்தாள். "நாந்தான் மேகராசா. உங்க கோட்டையில மூணு வருசம் தினமும் செத்தவ."

வைகுண்டராஜ் அவளுடைய சேலையையும் ஸ்வெட்டரையும் மேலும் கீழும் பார்த்தார்.

மணி ஐந்து.

தேவயானி எழுந்து கருத்தம்மாளிடம் போனாள். "அக்கா, நீங்க செஞ்சதுக்கு நான் கும்பிடணும். ஆனா ஒரு ஆளுக்கு ஒரு பேருதான். அது ரூலு. மூணு பேரு ஒரு பேருல விளையாண்டது தப்பு. இன்னைக்கு அத விட்டுக் கொடுத்தா, நாளைக்கு இவரு ஒரு பேருல முப்பது பேர நிறுத்துவாரு. மேகராசாவ நீக்கித்தான் ஆகணும்."

ஒச்சாண்டி பதறினான். "என்னம்மா இது! இம்புட்டுத் தூரம் கூட்டியாந்து..."

கருத்தம்மாள் கையை உயர்த்தி அவனை நிறுத்தினாள். மேகராசா மூன்று பேருடைய மூன்று வார உழைப்பு. அவள் முகத்தில் அது ஒரு நிமிஷம் தெரிந்தது.

"நீக்கு தாயி," என்றாள். "ரூலுன்னா எனக்கும் ரூலுதான். திரும்பச் சைபர்ல இருந்து வாரேன். எனக்கென்ன, பழக்கந்தான்."

தேவயானி ஒரு பொத்தானை அழுத்தினாள். மேகராசா மறைந்தான். வைகுண்டராஜ் ஃபைலைத் திறந்து பேனாவை நீட்டினார்.

"அவசரப்படாதீகண்ணே. அறிவிப்பு இன்னும் முடியல."

பெரிய திரையில் எழுத்துகள் ஓடின. மூன்று பேர் ஒரே பெயரில் விளையாடியதால் மேகராசா நீக்கப்பட்டான். அவன் புதியவர்கள் யாரையும் கொள்ளையடிக்கவில்லை. மூன்று வாரத்தில் சந்தையில் புதியவர்களைக் கொன்றவர்கள் பட்டியல் கீழே. அறுபத்திரண்டு பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே கொலைகளின் எண்ணிக்கை. அதற்கும் கீழே: 'இவர்களை நீக்க மாட்டோம். தாராளமாக இருக்கட்டும். ஆனால் இந்த நிமிஷத்திலிருந்து சந்தைக்குள் எந்த ஆயுதமும் வேலை செய்யாது. சந்தையை விட்டு வெளியே தனியாகப் போகாதீர்கள். கூட்டம் சேர்ந்ததும் போங்கள்.'

"ரெண்டு மணி நேரமா ஆறு பேரும் இதத்தான் எழுதுனோம்," என்றாள் தேவயானி. "போயிட்ட ஆயிரத்து முந்நூறு பேருக்கும் மெயில் போயிருக்கு."

வைகுண்டராஜ் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். "எத்தன பேரு திரும்பி வருவான்னு நெனைக்கிற? பத்து வருஷக் கோட்டைய ஒரு மெயில் போட்டுச் சாய்ச்சுருவியா?"

"சாய்க்க வரல. உங்க கோட்டைக்கும் ஒரு மொத நாளு இருந்துருக்கும்லண்ணே? அன்னைக்கு அது யாரையும் கேட்டுல வெட்டியிருக்காது. வெட்டியிருந்தா பத்து வருஷம் நின்னுருக்காது. எனக்கு இது அந்த மாதிரி ஒரு நாளு. விக்க மாட்டேன்."

அவர் ஃபைலை மூடி எழுந்து போனார். படியிறங்கும் செருப்புச் சத்தம் வேகமாகக் கேட்டது.

கருத்தம்மாள் ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். பெயர் என்று கேட்ட இடத்தில், யோசிக்காமல், 'கருத்தம்மாள்' என்று தன் பெயரையே அடித்தாள். சந்தையில் ஒரு புது உருவம் பிறந்தது. சட்டை இல்லை, செருப்பு இல்லை, கையில் ஒரு கம்பு. கிடங்கிலிருந்து முத்துக்கருப்பனும், உத்தமபாளையத்தில் ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து சசிதரனும் பக்கத்தில் வந்து நின்றார்கள். எல்லையைத் தாண்டி, வரிசையாக, கவசம் போட்ட அறுபத்திரண்டு பேர் காத்திருந்தார்கள்.

ஐந்தரைக்கு ஏழு பேர் வந்தார்கள். ஐந்தே முக்காலுக்குப் பத்தொன்பது. ஆறு மணிக்கு, திரும்பி வந்தவர்களும் புதியவர்களுமாக நாற்பத்தொரு பேர் சந்தையில் நின்றார்கள்.

"ஆயிரத்து முந்நூறுல நாப்பத்தொண்ணு," என்று நண்பர்களில் ஒருத்தி முனகினாள்.

"போதும்," என்றாள் தேவயானி.

கருத்தம்மாள் அடித்தாள்: 'எல்லாரும் ஒட்டி நில்லுங்க. முன்னால நான். யாரும் ஓடாதீக.' நாற்பத்து நான்கு கம்புகள் ஒன்றாகச் சந்தையை விட்டு வெளியே நகர்ந்தன. கவசக்காரர்கள் பாய்ந்தார்கள். பதினாறு பேர் விழுந்தார்கள். ஆனால் கூட்டம் கலையவில்லை. விழுந்தவர்கள் சந்தையில் மறுபடி பிறந்து பின்னாலேயே ஓடி வந்தார்கள். பாலம் நெருங்கியபோது கருத்தம்மாள் விழுந்தாள். எழுந்தாள். மறுபடி வந்தாள். ஆறு இருபதுக்கு முதல் ஆள் பாலத்தைத் தாண்டினான். அவன் யாரென்று அந்த ஆபீசில் ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் எல்லோரும் கத்தினார்கள்.

"ஒச்சாண்டி, கெளம்பலாமா?" என்று மாரீஸ்வரி திரும்பினாள்.

ஒச்சாண்டி மூலையில் இருந்த கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தான். எப்போது பெயர் கொடுத்து உள்ளே போனான் என்று யாரும் கவனிக்கவில்லை. கூட்டம் போன பிறகு தனியாக எல்லையைத் தாண்டி, நாலே வினாடியில் செத்து, மறுபடி சந்தையில் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் முகம் தெரியாத ஒரு புது ஆள் பிறந்து, 'அண்ணே, எந்தப் பக்கம் போகணும்?' என்று கேட்டிருந்தான்.

"நீங்க போங்கக்கா," என்றான் ஒச்சாண்டி, ஒற்றை விரலால் எழுத்துகளைத் தேடித் தேடித் தட்டியபடி. அவன் அந்த ஆளுக்கு அடித்த பதில் திரையில் வந்தது:

'எனக்கும் தெரியாதுப்பா. நில்லு, இன்னும் நாலு பேரு வரட்டும். சேந்து போவோம்.'